தொப்பியில் வடித்த மண்ணெண்ணெய்

முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் நான். யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றில் படித்து, இடையில் நான்கு ஆண்டுகள் தவிர அதே கல்லூரியில் கற்பித்து, அங்கிருந்தே ஓய்வு பெற்றேன். 'பில்டர் அவுட்' (filter out) என்ற வினைத்தொடரை எத்தனை வகுப்புகளுக்கு விளக்கினேன் என்பது எனக்கே நினைவில்லை. என் குறிப்பேட்டில் அதற்கு நான்கு உதாரணங்கள் இருந்தன. கூட்டம் முடிந்ததும் மக்கள் மண்டபத்திலிருந்து சிறிது சிறிதாக வெளியேறினர் என்பது ஒன்று. மூடிய அறையிலிருந்து செய்தி மெல்லக் கசிந்தது என்பது இன்னொன்று. கறுப்புக் கண்ணாடி வெயிலின் கூச்சத்தைத் தடுத்து நிறுத்தியது, தேர்வுக் குழு தகுதியற்ற விண்ணப்பங்களைக் கழித்து ஒதுக்கியது என்பன மற்ற இரண்டும். என்னிடம் படித்தவர்களுக்கு இந்த நான்கும் மனப்பாடம்.

ஐந்தாவது உதாரணத்தை எனக்குக் கற்பித்தது வன்னியில், ஒட்டுசுட்டானுக்கு அப்பால், ஒரு வயல்வரம்பில் கண்ட கலங்கிய மண்ணெண்ணெய். அன்று நான் ஒரு பிழை செய்தேன். அதை இங்கே எழுதுவதற்கு எனக்குத் தயக்கமில்லை. இறுதியில் வென்றவன் தன் பிழையையும் சேர்த்தே சொல்லலாம்.

தொண்ணூற்றேழாம் ஆண்டின் சிறுபோகக் காலம் அது, கோடை நெற்பயிரின் பருவம். போரினால் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு வந்த நானும் மனைவியும் ஒரு விவசாயியின் வளவில் கிடுகு வேய்ந்த சிறு கொட்டிலில் குடியிருந்தோம். அவர் மலையகத்தில் பிறந்தவர். இளைஞனாக வன்னிக்கு வந்து, காடு வெட்டி, ஒரு ஏக்கர் வயலும் ஒரு மேட்டுக் காணியும் உண்டாக்கியவர். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கொட்டில் போட இடம் தந்ததற்கு அவர் எதுவும் வாங்க மறுத்தார். இலவசமாக எதையும் ஏற்று எனக்குப் பழக்கமில்லை. ஆகையால் அவருக்கும் அயலவருக்கும் விண்ணப்பங்கள் எழுதினேன், ஆங்கிலத்தில் வந்த கடிதங்களை வாசித்துப் பொருள் சொன்னேன். "மாஸ்டர் ஐயா சொன்னா சரிதானுங்க" என்று அவர் பிறரிடம் சொல்வதை நான் இரண்டொரு தடவை கேட்டிருக்கிறேன். இடம்பெயர்ந்து வந்த எனக்கு அந்த ஊரில் இருந்த ஒரே சொத்து அந்த வார்த்தைதான்.

இல்லை, இன்னொன்றும் இருந்தது. அது என் தொப்பி. இளமையில் நான்கு ஆண்டுகள் மலைநாட்டுக் கல்லூரி ஒன்றில் கற்பித்தபோது அங்கே வாங்கியது. நெய்த துணியன்று, கம்பளி மயிரை அமுக்கிச் செய்த தடித்த பழுப்புத் தொப்பி. எனக்கு அது என் ஆசிரிய வாழ்வின் முத்திரை. கொட்டிலுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அதை அணிந்துகொண்டு வெளியே இறங்கினேன். முற்றத்தில் கதிரையில் இருந்த விவசாயி திடுக்கிட்டு எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துக் கணுக்கால் வரை இறக்கினார். மறுகணம் முகம் கறுத்து மாட்டுப் பக்கம் போய்விட்டார். எனக்குத் தந்த மரியாதை என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

அவ்வருடம் குளத்தில் நீர் குறைவு. வாய்க்கால் தண்ணீர் நிறுத்தப்பட்டபோது நெல் கதிர் வெளிவரும் பருவத்தில் நின்றது. அந்தப் பத்து நாளில் வயல் காய்ந்தால் கதிர் வரும், ஆனால் உள்ளே அரிசி இராது. ஒரு ஏக்கரும் பதராகும். அதுதான் அந்தக் குடும்பத்தின் வருடச் சோறு. வயலுக்குக் கீழே ஆற்று மடுவில் தண்ணீர் கிடந்தது. இறைப்பு மெசினும் இருந்தது. அரிதாயிருந்தது எரிபொருள்.

அந்நாள்களில் வன்னியில் மெசின் ஓட்டுவது ஒரு தனிக் கலை. போர்க்காலத் தடையால் பெற்றோல் கண்ணால் காண்பதற்கு அரிது. மருந்துக் குப்பியில் பத்திரப்படுத்திய சில துளி பெற்றோலை விட்டுக் கயிற்றை இழுத்து எழுப்புவார்கள். எழுந்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். விவசாயி மாதக்கணக்காகச் சேர்த்த மண்ணெண்ணெய் பரல் எனப்படும் இரும்புப் பீப்பாய் ஒன்றில் இருந்தது. மாரியில் அதன் மூடி இளகி மழைநீர் இறங்கியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. மேலாக அள்ளிய தெளிந்த எண்ணெயில் மெசின் ஒருநாள் ஓடி, மேட்டுப் பக்கத்து மூன்று பாத்திகளை நனைத்தது. மறுநாள் மிஞ்சியது அடியில் இருந்தது மட்டுமே. இரண்டு தகரக் கான் நிறைய, துருவும் நீரும் கலந்து, பழங்கஞ்சி போல் கலங்கிய எண்ணெய்.

அந்தக் காலையில் விவசாயி கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தார். கையில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு சிறு புத்தகம்.

"மாஸ்டர் ஐயா, மெசினோட வந்த புஸ்தகமுங்க. முழுக்க இங்கிலீசு. எண்ணெ இப்பிடி ஆயிருச்சுன்னா என்ன செய்யணும்னு இதுல போட்டிருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. நாளைக்குள்ள தண்ணி ஏறலன்னா கீழ்ப்பக்கம் பூரா போயிருமுங்க."

நான் மூக்குக் கண்ணாடியை மாட்டினேன். எரிபொருள் பற்றிய பக்கம் எளிதில் அகப்பட்டது. இரண்டாவது வரியில் 'பில்டர் அவுட்' என்று நின்றது. மெசின் புத்தகத்தின் ஆங்கிலம் எனக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. புத்தகத்தை மூடி அவரிடம் நீட்டினேன்.

"வடிகட்டி ஊத்தச் சொல்லியிருக்கு. நல்ல வெள்ளைத் துணி நாலாய் மடிச்சு வடியுங்கோ. வேறையொண்டும் இல்லை."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

துணியும் நானே கொடுத்தேன். சலவை செய்து வைத்திருந்த என் வேட்டி. நாலாக மடித்து, ஒருமுறைக்கு மூன்றுமுறை வடித்தார்கள். துரு வேட்டியில் செம்மண்ணாகப் படிந்தது. எண்ணெயின் நிறமும் சற்றுத் தேறியது போல் எனக்குத் தோன்றியது. மருந்துக் குப்பியைத் தூக்கிப் பார்த்த விவசாயி, "மூணு தடவைக்கு வருமுங்க" என்றார்.

முதல் தடவை மெசின் எழும்பியது. மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் இருமியது, புகைந்தது, நின்றது. அவர், எண்ணெயைக் காற்றோடு கலந்து மெசினுக்குக் கொடுக்கும் காபிரேற்றரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றி உள்ளங்கையில் கவிழ்த்தார். தண்ணீர்.

இதற்குள் பக்கத்து வயல்காரர் வந்து வரம்பில் குந்திவிட்டார். அவரும் குடாநாட்டவர்தான். குடியேற்றத் திட்டம் வந்த காலத்திலேயே வந்து காணி பெற்றவர். படித்தவர்களைச் சீண்டுவதில் அவருக்கு ஒரு தனி இன்பம்.

"என்ன மாஸ்டர், மெசினுக்கு உங்கட இங்கிலீசு விளங்கேல்லையோ?"

நான் குனிந்து வேட்டியின் மடிப்பை நீவினேன்.

"யாழ்ப்பாணத்து வேட்டியெண்டாப்போலை தண்ணி பயப்பிடுமோ மாஸ்டர்? இன்னும் ஒருக்கா மடிச்சுப் பாருங்கோவன்."

மறுபடியும் மடித்து, இம்முறை எட்டாக, மறுபடியும் வடித்தார்கள். இரண்டாவது தடவையும் பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெயில் செத்தது. விவசாயியின் மனைவி, மடைகளைத் திறக்க மண்வெட்டியோடு வயலின் நடுவில் நின்றவர், மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வரம்பில் அமர்ந்தார். விவசாயி என்னைப் பார்க்கவில்லை. அவர் கோபித்திருந்தாலாவது நான் நிமிர்ந்து நின்றிருப்பேன். "இன்னும் ஒரு இழுப்புக்குத்தான் பெற்றோல் இருக்குங்க" என்று மெசினைப் பார்த்தே சொன்னார்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குத் திரும்பினேன். மனைவி குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். பிழை எண்ணெயில்தான், என் வாசிப்பில் இல்லை என்றும் சேர்த்தேன்.

"இஞ்சருங்கோ, வடிக்கச் சொன்னதெண்டியள். எதை வடிக்கச் சொன்னது?"

"மண்ணெண்ணெயை."

"அது தெரியும். அதுக்குள்ளையிருந்து எதைப் பிரிக்கச் சொன்னது? குப்பையையோ, தண்ணியையோ?" தேயிலைத் தூள் நின்ற வடியைத் தூக்கி எனக்குக் காட்டினார். "இது தூளைத்தான் பிடிக்கும். தேத்தண்ணியிலை தண்ணி கூடினால் அதையும் இது பிடிக்குமோ?"

 எத்தனை வகுப்புகளில் கரும்பலகையைத் தட்டித் தட்டிச் சொல்லியிருக்கிறேன், சொல்லைத் தனியே பார்க்காதே, வாக்கியம் முழுவதையும் வாசி என்று! நாம் தமிழில் வடிகட்டுதல் என்றால் பாத்திரத்தில் விழும் நல்லதையே பெரும்பாலும் நினைப்போம். அந்த ஆங்கிலத் தொடரின் கண்ணோ எதை விலக்கி நிறுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. மண்டபம், செய்தி, வெயில், விண்ணப்பம் என்று நான்கு உதாரணங்களுக்கும் பக்கத்தில் எது எதிலிருந்து பிரிகிறது என்று நானே சிவப்பு மையால் குறித்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் வினையைக் கண்டதும் புத்தகத்தை மூடிவிட்டேன்.

குசினி வாசலில் நின்றபடியே அந்தப் பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். அங்கே பிரிக்கச் சொன்னது துருவையன்று, நீரை. சாதாரணத் துணி நீரைத் தடுக்காது என்று தெளிவாக எழுதியிருந்தது. பதனிட்ட மெல்லிய தோல், அல்லது கம்பளியை அமுக்கிச் செய்த நல்ல தொப்பி ஒன்று. அதை முதலில் தூய எண்ணெயில் தோய்த்துக்கொள்ள வேண்டும். பிறகு அதன் வழியே மெதுவாக ஊற்ற வேண்டும். எண்ணெய் இறங்கும், நீர் உள்ளேயே நிற்கும். அதே வாக்கியத்தின் தொடர்ச்சி. நான் வாசியாமல் விட்ட பாதி.

உரக்க மொழிபெயர்த்துச் சொல்லி முடித்தேன். மனைவியின் பார்வை சுவரில் என் தொப்பி தொங்கிய ஆணியை நோக்கிப் போனது.

"யாழ்ப்பாணத்தாலை வெளிக்கிட்டுக் கிளாலியிலை வள்ளம் ஏறேக்கை என்ரை குத்துவிளக்கு பாரமெண்டு விட்டிட்டு, உதைத்தானே தலையிலை போட்டுக்கொண்டு வந்தனியள்" என்றார். "எடுங்கோ. இண்டைக்காவது ஒரு வேலை செய்யட்டும்."

நான் உடனே எடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மண்ணெண்ணெய் பட்ட தொப்பி மறுபடி தலைக்கு ஏறாது. அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்றும் இருந்தது. தொப்பியோடு வயலுக்குப் போனால் ஏன் என்று சொல்ல வேண்டும். அதுவும் அந்தப் பக்கத்து வயல்காரர் முன்னால். எண்ணெய் சரியில்லை என்று கைகழுவிவிட்டால் என் பெயருக்கு ஒரு குறையும் வராது. ஒருவரும் அந்தப் புத்தகத்தை வாசிக்கப் போவதில்லை. கீழ்ப்பக்கத்து நெல் மட்டும் காயும்.

தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

விவசாயியும் பக்கத்து வயல்காரரும் இன்னும் வரம்பில் இருந்தார்கள். நின்றபடி, வகுப்பில் பேசும் குரலிலேயே சொன்னேன்:

"பிழை எண்ணெயிலை இல்லை. என்னிலை. அரை வாக்கியத்தை வாசிச்சுப்போட்டு வந்து உங்களுக்குச் சொல்லிப்போட்டன். மிச்சத்தை இப்பதான் வாசிச்சனான். துணி தண்ணியை மறிக்காது. இது மறிக்கும்."

பக்கத்து வயல்காரர் கழுத்தை நீட்டித் தொப்பியைப் பார்த்தார். விவசாயியோ என் கையில் இருந்ததைக் கண்டு எழுந்து நின்றார். கை தானாகச் சாரத்தின் மடிப்புக்குப் போனது. பாதியில் அதைத் தடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"இதுலயா ஊத்தணும்?"

"ஓம். இதுக்குள்ளைதான்."

"ஐயா, இந்த மாதிரித் தொப்பி வந்தா எங்கப்பா மலையில தலத்துண்ட அவுத்துக் கக்கத்துல வச்சுக்குவாரு. தோட்டத்துத் தொர ரோட்டத் தாண்டிப் போற வரைக்கும் நிமிர மாட்டாரு. நானுஞ் சின்னதுல நின்னிருக்கேன். நீங்க மொதல்ல போட்டுக்கிட்டு வந்தப்ப என் காலு என்னக் கேக்காம எந்திரிச்சிருச்சு. அன்னைக்குப் பூரா எனக்கு எம்மேலேயே ஆத்திரமுங்க."

அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமையின் பொருள் எனக்கு விளங்கியது. நான் தொப்பியை இரு கைகளாலும் பிடித்து, கவிழ்த்து, குழியை மேல்நோக்கி அவரிடம் நீட்டினேன்.

"அப்ப நீங்கள்தான் ஊத்தவேணும்" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. "ஏ புள்ள, இங்க வந்து பாரு! தொர தொப்பிக்கு நான் எண்ணெ ஊத்தப் போறேன்!" என்று மனைவியை அழைத்தார்.

வீட்டு விளக்கில் எஞ்சியிருந்த தெளிந்த எண்ணெயை என் மனைவி ஒரு தகரப் பேணியில் கொண்டுவந்தார். தொப்பியை அதில் நன்றாகத் தோய்த்தோம். ஒரு பக்க விளிம்பை நான் பிடித்தேன். மறுபக்கம் தளர்ந்து சரிந்தது. "விடுங்கோ மாஸ்டர், நான் பிடிக்கிறன்" என்று பக்கத்து வயல்காரர் எழுந்து வந்தார். விவசாயி கானைச் சரித்து, நூல் போல ஊற்றினார்.

சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. தொப்பியின் குழியில் கலங்கல் எண்ணெய் குளமாக நின்றது. பக்கத்து வயல்காரர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியின் வெளிப்புறம் வியர்த்தது. ஒரு துளி திரண்டு கீழே வைத்த சருவச் சட்டியில் விழுந்தது. இன்னொன்று. பின்பு துளிகள் ஒன்றையொன்று துரத்தி இழையாயின. சருவத்தின் அடி தெளிவாகத் தெரிந்தது. தொப்பிக்குள்ளோ, எண்ணெய் இறங்க இறங்க, தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு, கம்பளியில் ஒட்டாமல் உருண்டு திரிந்தது. சேம்பிலையில் மழைத்துளி நிற்பது போல.

"அட கோதாரி!" என்றார் பக்கத்து வயல்காரர். "உங்கை பாருங்கோ, தண்ணி வெளியிலை வராமல் நிக்குது!"

அந்த வினைத்தொடரை அதற்கு முன்னர் நான் கண்ணால் கண்டதில்லை. அன்று கண்டேன். வாய்விட்டு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னேன். எழுவாயும் செயப்படுபொருளும் இடமும் கருவியும் அமைந்த முழு வாக்கியம். ஒருவருக்கும் விளங்கவில்லை, ஒருவரும் பொருட்படுத்தவுமில்லை.

தொப்பி நிரம்பும்போதெல்லாம் நின்ற நீரை வரம்புக்கு வெளியே கொட்டி, மறுபடியும் தோய்த்து, மறுபடியும் பிடித்தோம். ஒன்றரைக் கான் தெளிந்த எண்ணெய் கிடைத்தது. விவசாயி காபிரேற்றர்க் கிண்ணத்தைத் துடைத்துக் காயவைத்துப் பூட்டினார். மருந்துக் குப்பியைக் கவிழ்த்துக் கடைசித் துளியையும் தட்டி விட்டார். கயிற்றைச் சுற்றி, ஒருகால் மண்ணில் ஊன்றி இழுத்தார்.

மெசின் எழும்பியது. அவர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார். ஒருமுறை இருமியது.  இரண்டாவது இருமலை அது இருமவில்லை. சத்தம் தடித்து, ஒரே தாளமாகி, குழாய் ஒருமுறை உதறி எழுந்தது. வாயிலிருந்து முதலில் காற்றும் சேறும், பிறகு பனைமரத் துண்டு போல் தடித்த தண்ணீரும் பாய்ந்தன.

விவசாயியின் மனைவி மண்வெட்டியைப் பொறுக்கிக்கொண்டு ஓடினார். நான் செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினேன். என் ஆயுளில் பொது இடத்தில் நான் அப்படிச் செய்ததில்லை. தண்ணீருக்கு முன்னால் பாத்தி பாத்தியாக நடந்தேன். வெடித்த நிலம் முதலில் எவ்வளவு ஊற்றினாலும் குடித்தது. பிறகு நிறைந்தது. பிறகு அடுத்த மடைக்குத் தந்தது. பக்கத்து வயல்காரர் தன் வரம்பில் ஒரு நண்டு வளையால் தண்ணீர் கசிவதைக் கண்டு, திட்டிக்கொண்டே சேறு அள்ளி அடைத்தார். பொழுது சாயும் நேரத்தில் கீழ்மூலையிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"ஐயா! கடேசி வரம்புக்கு வந்திருச்சுங்க! வந்திருச்சு!"

மெசினின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. எந்தப் பரிசளிப்பு விழாவிலும் எனக்குக் கிடைத்த கைதட்டல் அதற்கு ஈடில்லை.

அந்த வாரமே பக்கத்து வயல்காரர் தன் உழவு மெசினின் புத்தகத்தோடு எங்கள் கொட்டிலுக்கு வந்தார். கதிரையில் அமர்ந்து, என் மனைவி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாஸ்டர், ஒரு அலுவலாய் வந்தனான். ஆனால் முழுக்க வாசிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ, என்ன?" என்றார். முழுக்க வாசித்தேன். இரண்டு நாள் எடுத்தது. அட்டையின் பின்பக்கத்தையும் விடவில்லை. பிறகு முத்தையன்கட்டுப் பக்கத்திலிருந்தும் சிலர் வந்தார்கள். ஒருவருக்கும் நான் பாதி சொல்லி அனுப்பியதில்லை.

தண்ணீர் பாய்ச்சிப் பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ விவசாயி என்னைக் கீழ்மூலைக்கு அழைத்துப் போனார். கதிர்கள் முழுவதும் வெளிவந்து இன்னும் பச்சையாக நிமிர்ந்து நின்றன. அரிசி பிடித்ததா, பதரா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது, உள்ளே பால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர் கடைசிப் பாத்தியில், கடைசி வரம்போடு ஒட்டி நின்ற கதிரைத் தேர்ந்து, ஒரு நெல்லை உருவி, பெருவிரல் நகங்களுக்கிடையே வைத்து நசுக்கினார். வெள்ளைப் பால் பிதுங்கி அவர் விரலில் வழிந்தது.

இன்னொன்றை உருவி என் உள்ளங்கையில் வைத்தார்.

"நீங்க நசுக்குங்க, மாஸ்டர் ஐயா."

நசுக்கினேன். அதிலும் பால் இருந்தது.